புழு இருக்கு, சரி. வயிறு எப்படி இருக்கு?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் தோட்டம் போடுகிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மண்ணைக் கிளறினால் மண்புழு நெளிகிறதா, அப்போ அது நல்ல மண். எங்கள் தெருக்கோடி மாமாவும் இதையேதான் சொல்வார். பாதி சரி. மிச்சப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளும்.

மாமா வீட்டுக்குப் பின்னால் நல்ல சரிவு. டர்பன் மழை தெரியுமே, ஒரு ராத்திரி ஊற்றினால் காலையில் தோட்டம் கீழ்வீட்டுக்காரர் வாசலில் கிடக்கும். அதனால் படிப்படியாகத் தடுப்புக் கொடுத்துப் பாத்தி கட்டியிருக்கிறார். தடுப்பெல்லாம் பச்சை நிறத் தைலமரக் கம்பம். இந்த ஊரில் எந்த ஹார்ட்வேர் கடைக்குப் போனாலும் வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்களே, வேலிக்கும் பந்தலுக்கும் பிள்ளைகளின் ஊஞ்சலுக்கும் நாம் வாங்குகிற அதே கம்பம். அந்தப் பாத்திகளில் மடும்பி என்கிற சேப்பங்கிழங்கு, மிளகாய், பீர்க்கங்காய், ஒரு மூலையில் கறிவேப்பிலை. வெட்டி மிஞ்சிய கம்பத் துண்டுகளை ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடுகிற பிராய் அடுப்பில் போட்டு எரித்து, ஆறிய சாம்பலை மிளகாய்ச் செடிக்குத் தூவுவார். சாம்பல் உரம்தானே, ஊரில் தாத்தா ஆயா எல்லாரும் போட்டதுதானே.

அந்தப் பச்சை சும்மா வந்த நிறம் இல்லை. கரையான் அரிக்காமல், ஈரத்தில் மக்காமல் இருக்க மரத்துக்குள் அழுத்தத்தில் ஏற்றுகிற மருந்தில் மூன்று சரக்கு உண்டு: குரோமியம், தாமிரம், ஆர்செனிக். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இந்த மரத்தைத் தயாரிப்பதை 2003 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். இங்கே இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. மண்ணில் புதைந்த கம்பத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், கம்பத்தை ஒட்டிய மண்ணில்தான் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். சாம்பல் விஷயம் வேறு. எரித்தால் மரம்தான் போகும், உலோகம் போகாது. ஆர்செனிக்கில் ஒரு பகுதி புகையோடு போய் நம் மூக்கில் ஏறும், மற்றதெல்லாம் சாம்பலில் செறிவாக உட்கார்ந்திருக்கும், அதுவும் தண்ணீரில் எளிதாகக் கரைகிற விதத்தில்.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, மண்வெட்டியை எடுத்துக் கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கொத்து போட்டுப் புரட்டிக் காட்டினார். நல்ல கொழுத்த புழுக்கள்.

“பாரும்மா. நீ சொல்ற விஷம் இருந்தா இதெல்லாம் செத்திருக்க வேணாமா?”

நியாயமான கேள்வி. உலகத்திலேயே ரசாயனங்களைச் சோதிக்கிற பெரிய பெரிய ஆட்கள் எத்தனையோ வருஷம் கேட்டதும் இதே கேள்விதான். 1984ல் ஓ.இ.சி.டி. என்ற பல நாடுகளின் அமைப்பு வகுத்த மண்புழுச் சோதனை என்ன செய்கிறது? செயற்கை மண்ணில் ரசாயனத்தைக் கலந்து, புழுக்களை விட்டு, 14 நாள் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணுகிறது. 2004ல் இனப்பெருக்கச் சோதனை வந்தது. வளர்ந்த புழுக்களை 28 நாள் வைத்துப் பிறகு எடுத்துவிட்டு, முட்டைக்கூடுகளை இன்னொரு 28 நாள் விட்டு, எத்தனை குட்டிகள் என்று பார்ப்பார்கள். இது முன்னதைவிட நல்ல சோதனை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் பயன்படுத்துகிற ஐசீனியா புழு சாணக்குவியலிலும் கம்போஸ்ட் தொட்டியிலும் வாழ்கிற சாதி, வயல் மண்ணைத் தின்று வாழ்கிற சாதி இல்லை. தவிர, செத்ததா பெற்றதா என்ற இரண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கிற நீளமான குழாயை யாரும் திறந்து பார்க்கவில்லை.

நான் வேலை பார்ப்பது தண்ணீர் மாதிரிகளோடு. புழு என் வேலை இல்லை, என் பைத்தியம். ஒரு தடவை தோழி ஒருத்தி தன் ஆய்வுக்கூடத்தில் புழுவைத் திறந்து காட்டினாள். லேசான சாராயக் கரைசலில் மயங்க விட்டு, மெழுகுத் தட்டில் இரு முனையிலும் ஊசி குத்தி, முதுகுப் பக்கமாக மெல்லக் கீறினாள். முன்பகுதியில் அரைவைப் பை, உருண்டையாக, தொட்டால் கல் மாதிரி கெட்டி. அதற்குப் பின்னால் கடைசி வரை ஒரே நேரான குடல், உள்ளே கரிய மண் நிரம்பி, மெல்லிய சவ்வு வழியாகவே மண்ணின் நிறம் தெரிகிறது. புழுவின் உடம்பில் பாதிக்கு மேல் இந்தக் குழாய்தான் என்று தோன்றும் பார்த்தால். அப்போது அவள் சொன்ன ஒன்று மனசில் நின்றுவிட்டது. புழு எவ்வளவு உலோகத்தை உடம்பில் ஏற்றியிருக்கிறது என்று அளக்கிறவர்கள், புழுவை முதலில் ஈரத்தாளில் ஒன்றிரண்டு நாள் பட்டினி போட்டு வயிற்றைக் காலி பண்ணிவிட்டுத்தான் அளப்பார்கள். குடலில் இருக்கிற மண் கணக்கைக் கெடுத்துவிடுமாம். அவள் ஆராய்வதோ அந்தக் குடல் மண்ணைத்தான். மற்றவர்கள் கழித்துவிடச் சொல்வதுதான் தனக்கு மாதிரி என்று சிரித்தாள்.

சரி, அந்தக் குழாய்க்குள் என்னதான் நடக்கிறது?

வெளியே மண்ணில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பட்டினியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். புழு மண்ணை விழுங்கியதும் நிலைமை தலைகீழ். உள்ளே ஈரம் அதிகம். அமிலத்தன்மை ஏறக்குறைய நடுநிலைக்கு வந்துவிடும். ஆக்சிஜன் கிடையாது. புழு தன் பங்குக்குச் சளியைச் சுரக்கிறது, அதில் சர்க்கரையும் புரதமும். கூட்டத்தில் சிலருக்கு இது சரிப்படாது, சிலருக்கு ஒரே கொண்டாட்டம். நைட்ரேட்டைச் சுவாசிக்கிற பாக்டீரியாக்கள் விழித்துக்கொண்டு நைட்ரஸ் ஆக்சைடு விடுகின்றன. ஜெர்மனியில் பைரோய்ட் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் டிரேக்கும் மார்க்கஸ் ஹார்னும் இதைப் பல வருஷம் தோண்டினார்கள். புழுவின் குடல் ஒரு நிரந்தரக் குடியிருப்பு இல்லை, வந்து போகிறவர்களின் இடம் என்பது அவர்கள் பார்வை. புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் வாசலில் சேர்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க இருந்து வந்தவர்கள்தான், சாயங்காலம் கலைந்துவிடுவார்கள், ஆனால் அந்த ஒரு பகல் யாருக்கு நிழல் கிடைத்தது, யாருக்குச் சாப்பாடு கிடைத்தது என்பதைப் பொறுத்து, திரும்பிப் போகிறபோது தெம்பு மாறியிருக்கும். குடலிலும் அதே கதை. சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் மண் பின்பக்கமாக வெளியே வருகிறது, உள்ளே போன அதே கூட்டமாக வருவதில்லை.

நாம் நாங்கூழ்க்கட்டி, புழு உரம் என்று கொண்டாடுகிற எல்லாமே இந்த மாற்றத்தின் விளைவுதான். இலை தழையை உடைத்து நைட்ரஜனையும் பாஸ்பரசையும் செடிக்குக் கிடைக்கிற மாதிரி விடுவிக்கிற வேலையில் பெரும்பங்கு இந்தக் கூட்டத்தினுடையது. புழுவின் சொந்தக் கைவரிசையும் இல்லாமலில்லை. காய்ந்த இலையில் இருக்கிற பாலிஃபீனால் சாதாரணமாகச் செரிமான நொதிகளை முடக்கிவிடும், அதைச் சமாளிக்கிற டிரைலோடிஃபென்சின் என்ற பொருளைப் புழுவே தன் குடலில் தயாரிக்கிறது என்று 2015ல் கண்டுபிடித்தார்கள்.

இந்தப் பின்னணியில் ஆர்செனிக்குக்கு வருவோம். அதே 2015ல் பிரிட்டனில் ஒரு ஆய்வு வந்தது. பழைய சுரங்கக் கழிவால் ஆர்செனிக்கும் இரும்பும் ஏறிய மண்ணில் வாழும் லம்ப்ரிகஸ் ருபெல்லஸ் புழுக்களை எடுத்து, சுத்தமான மண்ணில் வாழ்கிற அதே இனப் புழுக்களோடு ஒப்பிட்டார்கள். சுற்றியிருக்கிற மண்ணில் என்ன பாக்டீரியா, புழுவோடு என்ன பாக்டீரியா என்று மரபணு வரிசையை வைத்துக் கணக்கெடுத்தார்கள். ஒரு நல்ல சேதி: எந்த மண்ணாக இருந்தாலும் புழுவிடம் இருக்கிற கூட்டம் மண்ணில் இருப்பதிலிருந்து தனியாகத்தான் தெரிந்தது. புழு தனக்கு வேண்டியதை வடிகட்டி எடுத்துக்கொள்கிறது. கெட்ட சேதி: ஆர்செனிக் ஏற ஏற அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் மாறினார்கள், சிலர் காணாமலே போனார்கள். போனவர்களில் ஒருவர் முக்கியமானவர்.

வெர்மினெஃப்ரோபாக்டர் என்று ஒரு பாக்டீரியா. இது குடலில் வாழ்வது இல்லை, புழுவின் சிறுநீரகம் மாதிரியான நெஃப்ரீடியா என்ற உறுப்பில் வாழ்வது. இதன் விசேஷம், மண்ணிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது கிடையாது. தாய்ப்புழு முட்டைக்கூட்டுக்குள்ளேயே இதைப் போட்டு மூடி அனுப்புகிறது, குஞ்சு உள்ளே இருக்கும்போதே இது குடியேறிவிடும். தலைமுறை தலைமுறையாக வருகிற சீதனம். இந்த பாக்டீரியாவை நீக்கிய புழுக்களை வளர்த்துப் பார்த்த டென்மார்க் ஆய்வாளர்கள், சாப்பாடு குறைவான சூழலில் அவை இனப்பெருக்கத்தில் பின்தங்கியதைக் கண்டார்கள். அப்படிப்பட்ட கூட்டாளிதான் ஆர்செனிக் மண்ணில் வாழும் புழுக்களிடம் இல்லாமல் போனது.

அந்தப் புழுக்கள் உயிரோடுதான் இருந்தன என்பதைக் கவனியுங்கள். மாமாவின் மண்வெட்டியில் வந்திருந்தால் அவருக்கு அவையும் நல்ல கொழுத்த புழுக்கள்தான்.

ஆர்செனிக்கின் இன்னொரு குணம், இருக்கிற வடிவத்தைப் பொறுத்து அதன் கொடுமை மாறும். காற்றோட்டமான மண்ணில் பெரும்பாலும் ஆர்செனேட்டாக இருக்கும், நம் ஊர்ச் சிவப்பு மணலில் இருக்கிற இரும்பு அதை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது நமக்கு ஒரு அதிர்ஷ்டம். ஆக்சிஜன் இல்லாத இடத்துக்குப் போனால் பாக்டீரியாக்கள் அதை ஆர்செனைட்டாக மாற்றும், அது இன்னும் நஞ்சு, இன்னும் எளிதில் நகரும். புழுவின் குடல் என்ன? ஆக்சிஜன் இல்லாத இடம்.

பாதரசத்திலும் இதே சங்கதி. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிற வழியில் இருக்கிற கேட்டோ ரிட்ஜை 1990களில் பேப்பரில் படிக்காதவர் இங்கே இல்லை. பாதரசக் கழிவு, நோயில் விழுந்த தொழிலாளர்கள், ஓடையில் கலந்த நஞ்சு என்று வருஷக்கணக்கில் ஓடிய விவகாரம். பாதரசத்தில் மிகக் கொடியது மீதைல் பாதரசம், மீன் வழியாக மனிதரைச் சேர்வது அதுதான். அதை உண்டாக்குகிறவை பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் என்பது பழைய செய்தி. 2013ல் சுவிட்சர்லாந்தில் செய்த ஆய்வு, மண்புழுவுக்குள்ளும் இந்த மாற்றம் நடக்கிறது என்று காட்டியது. காய்ந்த மேட்டு நிலத்தில் சேறு எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு புழுவின் வயிற்றிலும் ஒரு துளி இருக்கிறது. அந்தப் புழுவை ஹடீடா கொத்தித் தின்கிறது. விடிந்தும் விடியாமல் நம் கூரை மேல் உட்கார்ந்து கத்துமே, அதே பறவை. நான் அதை ரசிப்பவள் இல்லை, ஆனாலும் பாவம்.

தாமிரத்துக்கு நம் நாட்டிலேயே வேலை நடந்திருக்கிறது. கேப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் பூஞ்சைக்கு அடிக்கிற தாமிர ஆக்சிகுளோரைடு வருஷம் வருஷமாக மண்ணில் சேர்ந்து புழுவை என்ன செய்கிறது என்று ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் ரைனெக்கேயும் அவரோடு இருந்தவர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். தாமிரம் ஏறிய மண்ணில் புழு துளைப்பதே குறைந்துவிடுகிறது. துளைக்காவிட்டால் தின்னாது, தின்னாவிட்டால் நான் மேலே சொன்ன கோயில் கூட்டம் கூடவே கூடாது.

நம் தோட்டங்களுக்குத் தாமிரம் வருகிற இன்னொரு வழி கோழி எரு. மிட்லண்ட்ஸ் பக்கம் இருந்து பக்கி வண்டியில் மூட்டை மூட்டையாக வரும், மாமாவும் வாங்குவார், நானும் வாங்குவேன். கோழித் தீவனத்தில் தாமிரமும் துத்தநாகமும் சேர்ப்பது வழக்கம், அதில் பெரும்பகுதி கோழி உடம்பில் தங்காமல் எருவில் வந்துவிடும். ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் அதன் மிச்சமும் வரும். இங்கே விஷயம் கொஞ்சம் சிக்கல். தாமிரத்தைத் தாங்குகிற ஜீனும் ஆன்டிபயாட்டிக்கைத் தாங்குகிற ஜீனும் பல பாக்டீரியாக்களில் ஒரே பிளாஸ்மிட்டில், அதாவது பாக்டீரியாக்கள் கைமாற்றிக்கொள்கிற சின்ன டி.என்.ஏ. வளையத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆகவே ஆன்டிபயாட்டிக்கே இல்லாவிட்டாலும், தாமிரம் மட்டும் இருந்தாலே இரண்டையும் தாங்குகிறவை பிழைத்துப் பெருகும். குடலுக்குள் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்து, சாப்பாட்டோடு, சுறுசுறுப்பாக இருக்கிற நேரம் வேறு, ஜீன்கள் கைமாற இதைவிடத் தோதான இடம் கிடையாது. அதற்காகப் புழுவை வில்லனாக்கிவிட வேண்டாம். எருவைப் புழு விட்டு நன்றாக மக்க வைத்தால் இந்தத் தாங்கும் ஜீன்கள் குறைவதாகவும் பல ஆய்வுகள் உண்டு. பச்சை எருவைக் கொண்டுவந்த அன்றே கொட்டுவதுதான் மோசம்.

களைக்கொல்லியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கரும்பு விளைகிற டொங்காட், வெருலம் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் கேட்பார்கள். கிளைஃபோசேட்டை இங்கே களைக்கு மட்டும் அடிப்பதில்லை, கரும்பில் சர்க்கரை கூடட்டும் என்று வெட்டுவதற்கு முன் கொஞ்சமாக அடிப்பதும் உண்டு. மனிதருக்கும் விலங்குக்கும் பயமில்லை என்று சொல்வதற்கு ஆதாரம், அது தாக்குகிற ஷிகிமேட் பாதை, அதாவது செடிகள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கிற வழி, விலங்கு உடம்பில் இல்லை என்பது. உண்மை, புழுவுக்கும் அந்தப் பாதை கிடையாது. புழுவின் வயிற்றில் இருக்கிற பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு உண்டே! தேனீயின் குடலில் இது எப்படி விளையாடுகிறது என்று 2018ல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். விலங்குக்கு அந்தப் பாதை இல்லை என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறவர்கள் வயிற்றை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பிளாஸ்டிக்? இந்த நாட்டில் கடைப் பைகள் வேலி வேலியாகத் தொங்கி, தேசியப் பூ என்று கிண்டலடித்த காலம் ஒன்று உண்டு, 2003ல் சட்டம் போட்டு மெல்லிய பைகளை நிறுத்தினார்கள். அப்போது மண்ணில் போனதெல்லாம் இப்போது தூளாக அங்கேயேதான் இருக்கிறது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் எஸ்பெரான்சா ஹுவெர்டா லுவாங்கா குழுவினர் புழுக்கள் இந்தத் தூளைத் தின்று கீழே இழுத்துச் செல்வதையும், அளவு மிஞ்சினால் வளர்ச்சி குறைந்து சாவதையும் 2016ல் காட்டினார்கள். அப்புறம் 2018ல் அவர்களே, புழுவின் குடலிலிருந்து எடுத்த சில பாக்டீரியாக்கள் பாலித்தீனைச் சிதைக்கின்றன என்றும் கண்டார்கள். உடனே வாட்ஸ்அப்பில் புழு பிளாஸ்டிக் தின்று பூமியைக் காப்பாற்றும் என்று வீடியோ வந்துவிட்டது. ஆய்வுக்கூடப் பாத்திரத்தில் தனியாக வளர்த்த பாக்டீரியா செய்வதும், டர்பனின் கேட்டோ மேனரில் ஒரு பாத்திக்குள் நடப்பதும் ஒன்றல்ல.

மாமா கதைக்கு வருகிறேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் அவரிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் டீ கொடுக்காமல் அனுப்பியிருப்பார். வெர்மினெஃப்ரோபாக்டர் கதையை மட்டும் சொன்னேன். தாய் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புகிற பாக்டீரியா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப புழு இருக்கும், குடும்பச் சொத்து போயிருக்கும்னு சொல்ற.”

“ஆமாம் மாமா.”

“மடும்பி சாப்பிடலாமா கூடாதா, அதைச் சொல்லு முதல்ல.”

கேட்க வேண்டியதே அதுதான். கிழங்கும் கீரையும்தான் கவனிக்க வேண்டியவை, கிழங்கில் ஒட்டிய மண்ணை நன்றாகக் கழுவித் தோலைத் தாராளமாகச் சீவ வேண்டும். காய்களில் பொதுவாகக் குறைவுதான் சேரும். மண்ணைச் சோதிக்கக் கொடுத்தோம். இங்கே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், சீடாராவில் இருக்கிற அரசு விவசாயக் கூடமோ மவுண்ட் எட்ஜ்கோம் கரும்பு ஆராய்ச்சி நிலையமோ, வழக்கமான உரப் பரிசோதனை என்று கொடுத்தால் பாஸ்பரஸ், பொட்டாஷ், அமிலத்தன்மை என்றுதான் தாள் வரும், ஆர்செனிக் வராது. உலோகச் சோதனை செய்கிற கூடத்தில் தனியாகக் கேட்க வேண்டும், தனியாகக் காசும் ஆகும். மாதிரியையும் மூன்று இடத்தில் தனித்தனியாக எடுக்கச் சொன்னேன்: கம்பத்தை ஒட்டி, பாத்தி நடுவில், சாம்பல் போட்ட மிளகாய்ப் பக்கம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் சராசரிதான் வரும், ஆபத்து எந்த மூலையில் என்று தெரியாது.

அவர் மண், அவர் கணக்கு, எண்களை இங்கே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்றில் மோசமானது சாம்பல் போட்ட இடம், அதை மட்டும் சொல்ல அனுமதி உண்டு. ஆர்செனிக் இருக்கிற மண்ணில் பாஸ்பேட் உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள் என்றும் சொன்னேன், இரண்டும் மண்ணில் ஒரே இடத்துக்குப் போட்டி போடும், பாஸ்பேட் ஏறி உட்கார்ந்தால் ஆர்செனிக் எழுந்து கிளம்பிவிடும்.

இப்போது கீழ் இரண்டு படிக்கும் சிமெண்ட் கல் வைத்தாயிற்று. மேல் படிக் கம்பங்களைப் பிடுங்க மனசு வரவில்லை, காசு போட்டது. அந்தப் பாத்தியில் மிளகாயை எடுத்துவிட்டுச் செண்டுமல்லி போட்டிருக்கிறார், புரட்டாசிக்கு மாலை கட்ட வீட்டிலேயே ஆச்சு என்று. மிஞ்சிய கம்பத் துண்டுகள் கராஜில் கிடக்கின்றன. எரிக்கமாட்டேன் என்று அத்தை முன்னால் ஒத்துக்கொண்டிருக்கிறார், அத்தை அந்தத் துண்டுகளை எண்ணி வைத்திருக்கிறார்.